கெம்பஸ் போன பிள்ளையும் தோட்டத்துச் சாமியும்

பதுளைப் பக்கத் தோட்டங்களில் ஒரு பிள்ளைக்குக் கெம்பஸ் கிடைத்துவிட்டால் ஒரே நாளில் டிவிசன் முழுக்கத் தெரிந்துவிடும். கோயிலில் அர்ச்சனை நடக்கும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லோரும் தாயைப் பிடித்து விசாரிப்பார்கள். சந்தோஷம் கொஞ்சம் அடங்கிய பிறகு, இரவு பிளேன்டீ குடிக்கும் நேரத்தில், வீட்டுப் பெரியவர் யாராவது மெதுவாக ஒரு கேள்வியைப் போடுவார்: “அங்க போன பிறகு இந்தப் புள்ள சாமி கும்புடுமா?”

நல்ல கேள்விதான். பல்கலைக்கழகத்தை உள்ளே போய்ப் பார்க்காத யாருக்கும் வரக்கூடிய கேள்வி. பத்திரிகையில் வரும் ஊர்வலம், உண்ணாவிரதம், பகிடிவதைச் செய்திகளைப் பார்த்தால் அது சாமிக்கும் நமக்கும் தூரமான இடம் என்றே தோன்றும். நாம் அவசரப்படாமல், அந்த இடம் எப்படிக் கட்டப்பட்டது, அங்கே மதம் எப்படி நடக்கிறது, மதம் வேண்டாம் என்கிற பிள்ளை எப்படி வாழ்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவோம். தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிகிற விஷயம் இல்லை.

முதலில் கட்டிடம். இங்கிலாந்தின் பழைய ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலம் அங்கிலிக்கன் சபையை ஏற்றுக்கொண்டவர்களுக்கே பட்டமும் பதவியும் கிடைத்தன. அந்தக் கட்டுப்பாட்டை 1871இல்தான் பெருமளவு முழுமையாகச் சட்டம் போட்டு நீக்கினார்கள். அதற்கு முன்பே, 1826இல், லண்டனில் ஒரு கல்லூரி எந்த மதத்தவரையும், மதமே இல்லாதவரையும் சேர்த்துக்கொள்வோம் என்று தொடங்கியது. இன்று யுனிவர்சிட்டி கொலேஜ் லண்டன் என்று பெயர் பெற்றிருப்பது அதுதான். 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர்களை லண்டன் பட்டத்துக்குத்தான் தயார்ப்படுத்தியது. ஆகவே ‘நீ எந்த மதம்?’ என்று கேட்டுவிட்டு இடம் கொடுக்கும் பழக்கம் நம் உயர்கல்விக்கு ஆரம்பத்திலிருந்தே இல்லை.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ், கேம்பிரிட்ஜில் படித்தவர். அவர் விரும்பியது மாணவர்கள் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம். 1952இல் பேராதனைக்குப் போனதும் அந்த ஆசை நிறைவேறியது. இராமநாதன், அருணாசலம், ஜயதிலக, அக்பர், சங்கமித்தா என்று விடுதிகளுக்குப் பெயர் வைத்திருப்பதைப் பாருங்கள். பெயர்களிலேயே நாட்டின் எல்லாச் சமூகமும் வந்துவிடுகிறது. தங்கிப் படிக்கிற பிள்ளைக்குப் பரீட்சைக்கு முதல் நாள் கும்பிட ஒரு இடம் வேண்டும், வெள்ளிக்கிழமை போக ஒரு வாசல் வேண்டும். அதனால் வளாகத்திலேயே பௌத்தருக்கும் இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் கிறிஸ்தவருக்கும் வழிபாட்டிடங்கள் வந்தன. இந்து மாணவர்களின் குறிஞ்சிக்குமரன் கோயில் 1960களில் எழுந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் பரமேஸ்வரன் ஆலயம் இருக்கிறது. அது, பொன்னம்பலம் இராமநாதன் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரிக் காலத்திலிருந்தே அங்கே உள்ளது.

ஆக, பல்கலைக்கழகம் மதத்தைக் கேட்காது, தடுக்கவும் செய்யாது. இந்த இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போவோம்.

1959இல் வித்தியோதய, வித்தியாலங்கார என்ற இரண்டு பிரிவேனாக்கள், அதாவது பிக்குகள் கற்கும் கல்விக்கூடங்கள், பல்கலைக்கழகங்களாயின. இன்றைய ஸ்ரீ ஜயவர்தனபுரவும் களனியும் அவைதான். காவி உடுத்த பிக்கு மாணவர்கள் இன்றும் பல வளாகங்களில் படிக்கிறார்கள். அவர்களுக்கென்று அனைத்துப் பல்கலைக்கழக பிக்குகள் ஒன்றியமே உண்டு. இந்த ஒன்றியம் இடதுசாரி மாணவர் ஒன்றியத்தோடு தோளோடு தோள் நின்று ஊர்வலம் போவதைக் கொழும்பு வீதிகளில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். சிவப்புக் கொடிக்குப் பக்கத்தில் காவி. மதம் ஒரு பக்கம், மதமற்றவர் மறுபக்கம் என்று வளாகத்தை நடுவில் கோடு கிழித்துப் பிரிக்க வருகிறவருக்கு அந்த ஊர்வலத்தில் கோடு எங்கே போடுவது என்றே தெரியாது.

இனி நம் பிள்ளையை எடுப்போம். பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து பேராதனைக்குப் போகும் ஒரு மாணவியை மனத்தில் வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், இப்படிப் பல பிள்ளைகள் உண்டு. பதுளை மாவட்டம் கல்வியில் பின்தங்கியவையாகக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களில் ஒன்று. திறமை அடிப்படையில் 40 சதவீதமும், மாவட்டச் சனத்தொகைக்கு ஏற்ப 55 சதவீதமும் போக, மீதி 5 சதவீத இடங்கள் அந்த மாவட்டங்களுக்கே போகும். கலைப்பிரிவுக்கு இந்த மாவட்டக் கணக்குப் பொருந்தாது. விஞ்ஞானம் படித்த நம் பிள்ளைக்கு அது கைகொடுத்தது என்று வைத்துக்கொள்வோம்.

அவள் வெறுங்கையோடு போகவில்லை. நம் பாடசாலைகளில் சமயம் கட்டாயப் பாடம். சாதாரண தரப் பரீட்சையிலும் அதை எழுதியாக வேண்டும். சைவநெறி, கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம், பௌத்தம் என்று ஏதாவது ஒன்றில் பெறுபேறு இருக்கும். மதத்தைப் பற்றிச் சந்தேகம் கொண்ட பிள்ளையின் சான்றிதழிலும் சைவநெறிக்கு ‘ஏ’ இருக்கலாம். கடதாசியில் மதமில்லாத பிள்ளை என்று ஒருவர் நம் பல்கலைக்கழக வாசலுக்கு வருவது மிக அரிது.

வந்த முதல் வாரத்தில் என்ன நடக்கிறது? பதுளையிலிருந்து உடரட்ட மெனிக்கேயில் ஏறி, ஹப்புத்தளை, நானுஓயா, ஹட்டன் என்று மணிக்கணக்காக உட்கார்ந்து வந்து இறங்குகிறவளுக்கு, எங்கே எந்தப் படிவம் கொடுப்பது, எந்தக் கடையில் சாப்பாடு மலிவு, எந்தச் சீனியரிடம் பழைய குறிப்புகள் இருக்கின்றன என்று ஒன்றும் தெரியாது. சுற்றிக் கேட்கும் மொழி பெரும்பாலும் சிங்களம். வகுப்பு ஆங்கிலத்தில். இந்த நேரத்தில் “தங்கச்சி எந்த இடம், பசறையா?” என்று தமிழில் கேட்டுக்கொண்டு வரும் அக்கா, இந்து மாணவர் சங்கத்தின் செயற்குழுவில் இருப்பார். சனிக்கிழமை புதுமுக மாணவர் வரவேற்பு. வெள்ளிக்கிழமை கோயில். நவராத்திரிக்குப் பாட ஆள் வேண்டும். மாலை கட்டத் தெரியுமா?

அவளுக்குத் தெரியும். தோட்டத்துக் கோயிலில் கட்டிய கைதானே. இரண்டாவது வெள்ளிக்கிழமை அவள் கோயில் மண்டபத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாழைநாரில் செவ்வந்தியை வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி, மட்டக்களப்புப் பிள்ளை ஒருத்தி. மூவரும் பேசுவது இரசாயன ஆய்வுகூட அறிக்கையைப் பற்றி. பொங்கல் பானைக்குப் பக்கத்தில் பொறியியல் பீடத்துப் பையன் ஒருவன் விறகைத் தள்ளிக்கொண்டிருக்கிறான். அவன் கடவுளை நம்பாதவன் என்பது அங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். விறகு தள்ள அவனைவிட ஆள் கிடையாது என்பதும் தெரியும்.

நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஏனென்றால் பெரும்பாலோர் தப்பாக விளங்கிக்கொள்வதும் இதைத்தான். கோயிலுக்குப் போகிற பிள்ளை பக்தி உள்ளது, போகாத பிள்ளை நாத்திகமாகிவிட்டது என்று நாம் எண்ணுகிறோம். தாய் தொலைபேசியில் “வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனியா?” என்று கேட்பதும், ஆமாம் என்றதும் நிம்மதியாவதும் இந்தக் கணக்கில்தான். மறுபக்கத்தில், முற்போக்கான விரிவுரையாளர் சிலர் சங்கத்துக்குப் போகிற பிள்ளைகளையெல்லாம் மதவாதிகள் என்று ஒதுக்குவதும் அதே கணக்கில்தான். இருவரும் வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு மனத்தைப் படித்ததாக நினைக்கிறார்கள்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை நினைத்துப் பாருங்கள். எதிர் மலையிலிருந்து பார்த்தால் ஒரே நீளக் கூரைதான் தெரியும். கிட்டப் போனால் வரிசையாகக் காம்பராக்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், தனி அடுப்பு. மதம் என்று நாம் சொல்வதும் அப்படி ஒரு கூரைதான். அதன் கீழே ஒரு காம்பராவில் வழக்கம் குடியிருக்கிறது: விளக்கேற்றுவது, திருநீறு பூசுவது, வெள்ளிக்கிழமை மீன் சமைக்காதது. அடுத்ததில் சொந்தம் குடியிருக்கிறது: நம் ஆள்கள், நம் மொழி, நம் சாப்பாடு, துன்பம் வந்தால் ஓடி வருகிறவர்கள். இன்னொன்றில்தான் நம்பிக்கை: கடவுள் இருக்கிறாரா, கேட்கிறாரா, கர்மவினை உண்டா. மூன்றும் ஒரே வீடு என்று நினைத்தால் கெம்பஸ் வாழ்க்கை நமக்கு விளங்கவே விளங்காது.

வளாகத்துச் சமயச் சங்கங்கள் முதன்மையாக நடுக் காம்பராவில் வாழ்கின்றன. தமிழ் மாணவர் சிறுபான்மையாக இருக்கும் இடத்தில் இது இன்னும் உண்மை. முஸ்லிம் மஜ்லிஸும் அப்படித்தான், கிறிஸ்தவ மாணவர் இயக்கமும் அப்படித்தான். நோன்பு காலத்தில் விடியற்காலைச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு, யாருக்காவது இரத்தம் வேண்டுமென்றால் ஆள் தேடுவது, வீட்டில் சாவு என்று செய்தி வந்த பிள்ளையை இரவோடு இரவாகப் பஸ்ஸில் ஏற்றிவிடுவது எல்லாம் இவர்கள் வேலை. நம்பாத பொறியியல் பையன் அங்கே விறகு தள்ளுவதில் எந்தப் போலித்தனமும் இல்லை. அவன் சொந்தத்தின் காம்பராவுக்குள் நேர்மையாக உட்கார்ந்திருக்கிறான். அங்கே யாரும் அவனிடம் நம்பிக்கைக்கு வாடகை கேட்கவில்லை.

பெற்றோர் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடக்கிறது. தோட்டத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் வரும் முதல் அதிர்ச்சி பெரும்பாலும் நாத்திகத்திடமிருந்து வருவதில்லை, இன்னொரு வகை இந்து சமயத்திடமிருந்து வருகிறது. நம் தோட்டங்களில் மாரியம்மன் இருக்கிறாள், முனியாண்டி இருக்கிறார், மாடசாமி இருக்கிறார். தேயிலைத் தொழிற்சாலையில் சுற்றும் ரோதைக்கும் காவல் வேண்டுமென்று ரோதமுனியைக் கும்பிட்டார்கள். கவ்வாத்து வெட்டத் தொடங்கும் முன் மலையில் கற்பூரம் கொளுத்தினார்கள். முனிக்குச் சேவல் அறுத்துச் சமைத்து எல்லோரும் சாப்பிட்டார்கள். காமன் கூத்தில் ஊரே இரவெல்லாம் விழித்திருந்தது.

இவற்றில் எத்தனை சைவநெறிப் பாடப்புத்தகத்தில் வந்தன? மிகக் குறைவு. அந்தப் புத்தகத்தின் சமயம், ஆறுமுக நாவலர் (1822–1879) வகுத்த பாதையில் வருகிற ஆகமச் சைவம். நாவலர் பலியிடுவதைக் கடுமையாக எதிர்த்தவர். வளாகத்து இந்து மாணவர் சங்கங்களை நீண்டகாலம் நடத்தியவர்களும் பெரும்பாலும் யாழ்ப்பாணத்து மாணவர்கள், ஏனென்றால் மலையகப் பிள்ளைகளின் எண்ணிக்கை அவ்வளவு சிறிது. 1948இல் குடியுரிமை பறிபோய், தோட்டப் பள்ளிகளை அரசு 1970களில்தான் பொறுப்பேற்ற ஒரு சமூகத்திலிருந்து வளாகத்துக்கு எத்தனை பேர் வந்திருக்க முடியும்? ஆகவே அங்கே போன பிள்ளை தேவாரம் பண்ணோடு பாடப்படுவதை, சைவச் சாப்பாடுதான் சமயச் சாப்பாடு என்று சொல்லப்படுவதைக் கேட்கிறது. “எங்க ஊர்ல முனியாண்டிக்குச் சேவல் வெட்டுவோம்” என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நிறுத்திக்கொள்கிறது.

எனக்கு இதில் மனவருத்தம் உண்டு. விடுமுறைக்கு வீட்டுக்கு வருகிற பிள்ளை “அதெல்லாம் சாமியே இல்லம்மா, காட்டுமிராண்டித்தனம்” என்று சொல்லும்போது, கெம்பஸ் பிள்ளையை நாத்திகமாக்கிவிட்டது என்று வீடு பதறுகிறது. நடந்தது அதுவல்ல. அவள் முன்பைவிட அதிகமாகத் திருநீறு பூசிக்கொண்டுதான் அதைச் சொல்கிறாள். முனியாண்டியை விட்டது நம்பிக்கை குறைந்ததால் அல்ல, வெட்கம் கூடியதால். அந்த வெட்கத்தைப் பேசித் தீர்க்க வேண்டியது சமயச் சங்கங்களின் கடமை என்பது என் உறுதியான எண்ணம். சங்கத்து மேடையில் ஒரு ஆண்டாவது காமன் கூத்தோ பொன்னர் சங்கரோ ஏறட்டும். பேராதனையில் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்து ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என்று ஆட வைத்தாரே, அதனால் அந்தக் கூத்துக்குக் கிடைத்த மரியாதையை நாம் அறிவோம்.

சரி, நம்பிக்கையையே விட்டுவிடுகிற பிள்ளைகள் இல்லையா? இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சிந்தனையைக் கெம்பஸ்தான் கொண்டுவந்தது என்பது உண்மையல்ல. ஈ.வெ.ரா. பெரியார் ஐரோப்பாவிலிருந்து திரும்பும் வழியில் 1932இல் கொழும்பில் இறங்கிப் பேசினார். 1940இல் பதுளைக்குப் பக்கத்து வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது இடதுசாரிச் சமசமாஜக் கட்சித் தொழிற்சங்கம் அங்கே வேரூன்றியிருந்தது. பின்னர் ஏ. இளஞ்செழியன் தலைமையில் இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் மலைநாட்டில் பகுத்தறிவைப் பேசியது. 1962இல் அரசு அதைத் தடைசெய்தது. இன்று கவலைப்படுகிற வீட்டுப் பெரியவரின் தகப்பனார் அந்தக் கூட்டங்களில் நின்று கேட்டவராகவே இருக்கலாம். லயத்துச் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அண்ணா படம் தொங்கிய காலம் ஒன்று இருந்தது.

நகரத்துப் பகுத்தறிவாளர்களில் ஆபிரகாம் கோவூரை (1898–1978) நம் மக்கள் மறக்கவில்லை. கேரளத்துக் கிறிஸ்தவ மதகுருவின் மகன். 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் ஆசிரியராக வந்து, இந்த நாட்டிலேயே தங்கிவிட்டார். கல்கத்தாவில் மாணவராக இருந்த நாளைப் பற்றி அவர் சொன்ன கதை ஒன்று உண்டு. ஊரவர் கேட்ட கங்கை நீருக்குப் பதில் வழியில் ரயில் நிலையத் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தார். அதைக் குடித்தவர்கள் நோய் தீர்ந்ததாகச் சொன்னார்கள். வாழ்நாள் முழுக்கப் பேய், பில்லி, அற்புதம் என்று வந்த ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்தார். அற்புதத்தை நிரூபிப்பவருக்கு ஒரு இலட்சம் ரூபா என்று அறிவித்தார். யாரும் அதை வெல்லவில்லை.

அவரைப் போன்ற இன்னொரு பகுத்தறிவாளரின் வேலை நம் ஊவாவோடு நேரடியாகத் தொடர்புடையது. மருத்துவப் பேராசிரியர் கார்லோ பொன்சேகா 1970களின் தொடக்கத்தில் தீமிதிப்பை ஆராய்ந்தார். ஊவா மாகாணத்து மொனராகலை மாவட்டத்தில் இருக்கும் கதிர்காமத்தில் ஆடித் திருவிழாவின்போது தீமிதிப்பார்கள். தோட்டத்து மாரியம்மன் கோயில்களிலும் தீக்குழி உண்டு. விரதமும் நம்பிக்கையும்தான் பாதத்தைக் காக்கின்றன என்பது பொதுவான எண்ணம். பொன்சேகா விரதமிருக்காதவர்களையும் நம்பிக்கையில்லாதவர்களையும் நடக்க வைத்துக் காட்டினார். அவர்களும் கடந்தார்கள்.

எப்படி? தணலாய்ச் சிவந்திருக்கும் கரியின் சூடு மிக அதிகம்தான். ஆனால் கரி தன் சூட்டை மெதுவாகவே பிறபொருளுக்குக் கொடுக்கும். மேலே படிந்த சாம்பல் அதை இன்னும் தாமதப்படுத்தும். ஒவ்வொரு எட்டிலும் பாதம் தணலைத் தொடுவது ஒரு நொடிக்கும் குறைவு. செருப்பில்லாமல் நடந்து காய்த்துப்போன பாதத்தின் தோல் தடித்திருக்கும். அவசரப்பட்டு ஓடி முன்கால் தணலில் புதைந்தால், அல்லது நடுவில் தயங்கி நின்றால், சுடும். நம்பிக்கை உள்ளவருக்கும் சுடும்.

நம் மாணவி பௌதிகவியலில் இதைப் படித்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். ஆடி மாதம் ஊருக்கு வருகிறாள். சித்தப்பா காப்புக் கட்டித் தீமிதிக்கப் போகிறார், மகனுக்குக் காய்ச்சல் தீர்ந்த நேர்த்தி. குழிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் பார்ப்பது என்ன? கரி ஏன் சுடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். சித்தப்பா ஏன் நடக்கிறார் என்பதற்கு அந்தப் பாடத்தில் பதில் இல்லை. அவர் கடன் கழிக்கிறார், பிள்ளை பிழைத்ததை ஊரறியச் சொல்கிறார். விஞ்ஞானம் மூன்றாவது காம்பராவின் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொன்னது. மற்ற காம்பராக்களில் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. இதை உணர்ந்த பிள்ளைகள் சித்தப்பாவுக்கு மஞ்சள் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, தங்கள் மனத்தில் உள்ளதைத் தங்களோடு வைத்துக்கொள்கிறார்கள். சிலரால் அப்படி இருக்க முடிவதில்லை. அவர்களுக்கு அது பொய்யாகப் படுகிறது, வெளிப்படையாகச் சொல்லத்தான் வேண்டும் என்று தோன்றுகிறது. அவர்களும் மதிக்கத்தக்கவர்களே.

சொல்ல விரும்புகிறவர்களுக்கு வளாகத்தில் என்ன இடம் இருக்கிறது? நாலு மதத்துக்கும் சங்கம், ஆண்டு மலர், பொறுப்பாசிரியர் எல்லாம் உண்டு. மதமற்ற மாணவருக்கென்று பெரும்பாலும் ஒரு அறைகூடக் கிடையாது. முன்பு இடதுசாரி மாணவர் அமைப்புகளும் நாடகக் குழுக்களும் அவர்களுக்குத் தங்குமடமாக இருந்தன. இப்போது பிக்குகளும் அவ்வமைப்புகளோடு நிற்கிறார்கள் என்பதைப் பார்த்தோம். அமெரிக்காவில் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் மதகுருமார் அமைப்பு 2021இல் தன் தலைவராகக் கடவுள் நம்பிக்கையில்லாத மனிதநேயவாதியான கிரெக் எப்ஸ்டீனைத் தேர்ந்தெடுத்தது. மனம் சோர்ந்த மாணவர் யாரிடமாவது போய்ப் பேச வேண்டும், அவர் நம்பிக்கையற்றவராக இருந்தாலும் பேச ஆள் வேண்டும் என்பதே அங்கே இருந்த எண்ணம். நமக்கும் அந்தத் தேவை உண்டு.

சட்டம் இதற்குத் தடையில்லை. அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்ததாக வரும் 10ஆம் உறுப்புரையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அது ஒவ்வொருவருக்கும் சிந்தனை, மனச்சாட்சி, மதம் ஆகியவற்றின் சுதந்திரத்தைத் தருகிறது. தான் விரும்பும் மதத்தை, அல்லது நம்பிக்கையை, வைத்திருக்கவும் மேற்கொள்ளவும் உள்ள உரிமை அதில் அடங்கும். நம்புகிறவருக்கு உள்ள அதே காவல், மனச்சாட்சிப்படி நம்பாதவருக்கும் உண்டு.

தடை இருப்பது வீட்டில், ஊரில். அதுவும் எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. கோயிலுக்கு வராத பையனை “அவன் அப்படித்தான்” என்று விட்டுவிடுவார்கள். அதையே ஒரு பெண் பிள்ளை செய்தால் “படிச்சிக் கெட்டுப்போச்சு” என்பார்கள், பொட்டு வைக்கவில்லையா என்பதிலிருந்து கல்யாணம் வரை பேச்சு நீளும். வேறு மதத்துக்கு மாறுகிற பிள்ளைக்கு இதைவிடக் கடுமை. ஆகவேதான் நம் மாணவி தொலைபேசியில் “போனேன்ம்மா” என்கிறாள். கோயிலுக்குப் போனாள் என்பதும் உண்மை, மாலை கட்டியதும் உண்மை. அவள் மனத்தில் ஓடுவதை அம்மா கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

தூரமும் இதில் பெரிய காரணம், பாடத்திட்டத்தைவிடப் பெரிய காரணம் என்றே சொல்வேன். 2005இல் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தொடங்கியது. பசறை வீதியில், தோட்டங்களுக்கு நடுவே. தேயிலைத் தொழில்நுட்பத்திலேயே அங்கே பட்டம் பெறலாம். ஆங்கிலத்தில் கற்பிப்பதால் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ காலியிலிருந்தோ அங்கே வருகிற பிள்ளைக்குப் பதுளை தூரதேசம், தன்னைப் புதிதாக யோசித்துப் பார்க்க அவகாசம் கிடைக்கும். ஹாலிஎலத் தோட்டத்துப் பிள்ளைக்கு அது பக்கத்து ஊர். திருவிழாவுக்கு மாலையில் பஸ் ஏறிப் போய்விடலாம். பதுளைக் கதிரேசன் கோயிலுக்குப் போகாவிட்டால் அன்றைக்கே மாமா வீட்டுக்குத் தெரிந்துவிடும். ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே விரிவுரையைக் கேட்கும் இருவரில் ஒருவர் மாறுவதும் மற்றவர் மாறாததும் ஏன் என்று கேட்டால், விரிவுரைக் குறிப்பை விட்டுவிட்டுப் பஸ் கட்டணத்தைப் பாருங்கள்.

வீட்டுப் பெரியவரின் கேள்விக்கு இப்போது என்ன பதில் சொல்வோம்? கும்பிடும், பெரும்பாலும் கும்பிடும். ஊரில் இருந்ததைவிட ஒழுங்காகக்கூடக் கும்பிடலாம். அதை வைத்து மட்டும் ஒன்றும் தெரியாது. கோயிலுக்குப் போனாயா என்று கேட்பதோடு நிறுத்தாமல், அங்கே யார் யார் வந்தார்கள், என்ன பேசினீர்கள், அங்கே கும்பிடுகிற சாமிக்கும் நம் சாமிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். வராத பிள்ளையிடம் ஏன் வரவில்லை என்று மிரட்டாமல் கேட்கலாம். பதில் நீளமாக வரும். கேட்கிறவர் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

படித்து முடித்து ஊவாவிலேயே ஆசிரியராக வந்த நம்பாத பட்டதாரிகள் பலரிடம் நான் பேசியிருக்கிறேன். திருவிழா வந்தால் கோயில் சந்தாவைக் கொடுத்துவிடுகிறார்கள். தகப்பன் காலத்தில் அது செக்ரோலில், அதாவது தோட்டச் சம்பளப் பட்டியலில், பிடித்தம். இப்போது வீடு வீடாக இளைஞர்கள் பற்றுச்சீட்டோடு வருகிறார்கள். “சாமிக்கா கொடுக்கிறீங்க சேர்?” என்று ஒருவரைக் கேட்டேன். ஊருக்குக் கொடுக்கிறேன் என்றார். அன்னதானத்துக்கு இந்த வருடம் அரிசி தன் பொறுப்பு என்றும் சொன்னார்.